வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி: நரம்பியல் வேறுபாடு கொண்ட சிறு குழந்தைகளைப் புரிந்துகொள்வது

மழலையர் வகுப்பில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று சேர்ந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. சொந்தமாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. கதை நேரத்தில் எழுந்து போய்விடுகிறது. கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. வீட்டில் பேசுவது வேறு மொழி. ஆசிரியரின் மனதில் ஒரு கேள்வி எழுகிறது: இந்தக் குழந்தைக்கு வகுப்பின் மொழி இன்னும் பிடிபடவில்லையா, அல்லது வளர்ச்சியில் வேறு ஏதேனும் இருக்கிறதா?

அக்கறையிலிருந்து பிறக்கும் கேள்விதான் இது. ஆனால் பல குழந்தைகளின் காலம் வீணாவதும் இந்தக் கேள்வியில்தான். ஒன்று இது, இல்லையென்றால் அது என்று பிரித்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடிய குழந்தை கண்ணில் படாமல் போகும். விடை கிடைத்த பிறகுதான் உதவி என்று நினைத்தால், விடை வரும்வரை அந்தக் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடும். குழந்தைக்கு என்ன பெயரில் சான்றிதழ் தருவது என்பதற்குக் காலம் எடுக்கலாம். வகுப்பறை அதற்குக் கைகொடுப்பதற்குக் காலம் எடுக்கத் தேவையே இல்லை. இந்தக் கட்டுரை வலியுறுத்துவது அதைத்தான். இன்னொன்றும் உண்டு: அந்த உதவியின் பெயரால் வீட்டுமொழியைக் குழந்தையிடமிருந்து பறிக்கக் கூடாது.

இரண்டு விதத் தவறுகள்

பள்ளிமொழி தெரியாததைக் குறைபாடு என்று முத்திரை குத்துவது முதல் தவறு. இதற்கு நீதிமன்ற வரலாறே உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் நுண்ணறிவுச் சோதனை நடத்தி, மதிப்பெண் குறைவு என்று சொல்லி அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் அறிந்த மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலானவர்களின் மதிப்பெண் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. டயானா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கு 1970இல் உடன்பாட்டில் முடிந்தது. இனிமேல் குழந்தையின் முதன்மை மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பது உடன்பாட்டின் முக்கிய விதி.

இரண்டாவது தவறு அதற்கு நேர் எதிரானது. ‘மொழி வந்தால் எல்லாம் சரியாகிவிடும், ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லிக் காத்திருப்பது. முதல் தவறுக்குப் பயந்து இந்த இரண்டாவதில் விழும் பள்ளிகள் நிறைய. ஆட்டிசமோ (பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறு விதமாக அமையும் வளர்ச்சி நிலை) வளர்ச்சிசார் மொழிக் குறைபாடோ (வேறு வெளிப்படையான காரணமின்றி மொழி மட்டும் பிடிபடாத நிலை) உள்ள ஒரு பன்மொழிக் குழந்தை, அதே நிலையில் உள்ள ஒருமொழிக் குழந்தையைவிடத் தாமதமாகவே உதவியைப் பெறும். முதல் தவறு வெளியே தெரியும், கோபத்தைக் கிளப்பும், வழக்காகக்கூட மாறும். இரண்டாவது தவறு யாருக்கும் தெரியாமல் நடக்கும். அதனால் இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட காலம் சிறியது. அதில் இழக்கும் ஒரு வருடம் பெரியது.

எது இயல்பு என்று தெரிந்திருந்தால்

பல மொழிகளோடு வளரும் குழந்தைகளில் இரு வகை உண்டு. பிறந்ததிலிருந்தே இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்பவர்கள் ஒரு வகை. வீட்டுமொழி ஓரளவு ஊன்றிய பிறகு பள்ளியில் இன்னொரு மொழியைச் சந்திப்பவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகைக் குழந்தைகளில் பலர் புதிய மொழிக்குள் நுழைந்ததும் சில வாரங்களோ சில மாதங்களோ பேசாமல் இருப்பார்கள். கேட்பார்கள், கவனிப்பார்கள், சைகையால் காரியம் சாதிப்பார்கள், பிற குழந்தைகளைப் பார்த்துச் செய்வார்கள். பிறகு மனப்பாடமான சிறு தொடர்கள் வரும். அதன் பிறகே சொந்த வாக்கியங்கள். ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களும் கலப்பது குழப்பத்தின் அடையாளம் இல்லை. தன்னிடம் இருக்கும் எல்லாச் சொற்களையும் பயன்படுத்தும் திறமை அது. சொல்வளத்தை எண்ணும்போது இரு மொழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். சமையலறைச் சொற்கள் ஒரு மொழியிலும் வகுப்பறைச் சொற்கள் இன்னொரு மொழியிலும் இருக்கும் குழந்தையை ஒரே மொழியில் அளந்தால் பாதிக் குழந்தையைத்தான் அளந்ததாகும்.

கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொன்னார். விளையாட்டிலும் அன்றாடப் பேச்சிலும் புழங்கும் மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடம் படிக்கவும் விளக்கவும் வேண்டிய மொழி சக மாணவர்களின் நிலையை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் குழந்தை பாடத்தில் தடுமாறும்போது ‘மொழி நன்றாக வருகிறதே, அப்படியானால் மூளையில்தான் கோளாறு’ என்று பாய்ந்து முடிவெடுப்பது இந்த வேறுபாடு தெரியாததால் வருவது.

நரம்பியல் வேறுபாடு என்பது ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனம் மற்றும் செயல்பாட்டு வேறுபாடு, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம், டிஸ்ப்ராக்சியா எனப்படும் உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கும் சிரமம், வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு எனப் பலவற்றை உள்ளடக்கிய பொதுப்பெயர். மனித மூளைகள் ஒரே வார்ப்பில் அமைவதில்லை என்ற பார்வையை 1990களில் பெரிதும் முன்னெடுத்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. இவற்றில் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு பற்றி ஆசிரியர்கள் மிகக் குறைவாகவே கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, பள்ளி தொடங்கும் வயதில் சுமார் 7 சதவீதக் குழந்தைகளுக்கு இது இருப்பதாகக் கண்டது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர். காது கேட்கும், அறிவில் குறையில்லை, ஆனால் மொழி மட்டும் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருக்கும். பன்மொழிச் சூழலில் இதுதான் மிக எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வீட்டுமொழியைக் கைவிடச் சொல்லும் அறிவுரை

குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலேயே பல பெற்றோர் கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு. ‘இரண்டு மொழி இந்தக் குழந்தைக்குச் சுமை. இனி வீட்டிலும் பள்ளிமொழியிலேயே பேசுங்கள்.’ மருத்துவர் சொல்வதுண்டு, பேச்சுப் பயிற்சியாளர் சொல்வதுண்டு, ஆசிரியரும் சொல்வதுண்டு. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். பேசவே சிரமப்படும் குழந்தைக்கு ஒரு மொழி போதாதா?

இந்த எண்ணத்தின் வேர் பழையது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இருமொழி மனதைக் குழப்பும் என்றே பல ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் வறுமையில் இருந்த குடியேறிகளின் குழந்தைகளை வசதியான ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டதால் வந்த முடிவுகள் அவை. 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் இருவரும் மாண்ட்ரியல் நகரத்துப் பத்து வயதுக் குழந்தைகளைக் குடும்பப் பின்னணியைச் சமப்படுத்தி ஆராய்ந்தபோது இருமொழிக் குழந்தைகள் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. பல சோதனைகளில் முந்தியே இருந்தார்கள். இருமொழி மூளையைக் கூர்மையாக்கும் என்ற பெருமைப் பேச்சு பிற்பாடு வந்தது. அதில் இன்றும் வாதப் பிரதிவாதம் உண்டு. நம் விஷயத்துக்கு அந்தப் பெருமை தேவையில்லை. தீங்கு இல்லை என்பதே போதும்.

நரம்பியல் வேறுபாடு கொண்ட குழந்தைகளிடமும் தீங்கு இல்லை என்றே ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. டவுன் சிண்ட்ரோம் உள்ள, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் அறிந்த குழந்தைகளை அதே நிலையில் உள்ள ஒருமொழிக் குழந்தைகளோடு 2005இல் கனடாவில் ஒப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் ஆங்கிலத்தில் இருமொழிக் குழந்தைகள் குறைந்துபோகவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி கேத்தரின் ஹாம்ப்லியும் எரிக் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வும், இருமொழிச் சூழல் கூடுதல் தாமதம் எதையும் உண்டாக்கவில்லை என்றது. ஆட்டிசத்தால் வரும் மொழித் தாமதம் ஒரு மொழியில் வளர்ந்தாலும் வரும், இரண்டில் வளர்ந்தாலும் வரும். இரண்டாவது மொழி அதைப் பெருக்குவதில்லை.

ஆனால் வீட்டுமொழியை நிறுத்தினால் இழப்பு உடனே தொடங்குகிறது. தனக்குச் சரளமாக வராத மொழியில் ஒரு தாய் குழந்தையோடு பேச முயன்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வாக்கியங்கள் சுருங்கும். கதை நின்றுபோகும். கேலி, கொஞ்சல், தாலாட்டு, கோபத்திலும் கலந்திருக்கும் அன்பு, இவையெல்லாம் மறைந்து ‘வா, போ, உட்கார், சாப்பிடு’ என்ற கட்டளைகள் மட்டும் மிஞ்சும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மிகவும் தேவையானது, ஒருவரோடொருவர் முகம் மலர்ந்து நீளும் பரிமாற்றம். அதையே வெட்டிவிட்டு மொழியை வளர்க்கப் பார்க்கிறோம். தாத்தா பாட்டியோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். வீட்டில் மற்றவர்கள் தங்களுக்குள் அதே மொழியில் பேசிச் சிரிப்பார்கள். இந்தக் குழந்தை மட்டும் தன் வீட்டுக்குள்ளேயே அந்நியமாக உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே உலகத்தோடு ஒட்டச் சிரமப்படும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன?

1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகக் குழந்தையின் சொந்த மொழிக்கான மரியாதையை 29ஆவது பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கை, உள்ளடக்கிய கல்வியை 24ஆவது பிரிவில் உரிமையாக்குகிறது. இந்த இரண்டு உரிமைகளும் ஒரே குழந்தைக்கு உரியவை. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

எப்படிப் பிரித்தறிவது

மதிப்பீடு முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. சரியாகச் செய்யப்படும் மதிப்பீடு குழந்தைக்குப் பல கதவுகளைத் திறக்கும். முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் ஏறி இறங்குவது சிறு குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். அது பன்மொழிக் குழந்தையைப் பேசாத குழந்தையாகவும் கவனமில்லாத குழந்தையாகவும் காட்டிவிடும். இதைத் தாண்டாமல் வேறு எந்த முடிவுக்கும் போகக் கூடாது.

அடுத்தது வீட்டுமொழி பற்றிய விசாரிப்பு. வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு உண்மையாகவே இருந்தால் அது குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். பள்ளிமொழியில் மட்டும் திணறி, வீட்டில் வாயாடியாக இருக்கும் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்க வாய்ப்பில்லை. எனவே பெற்றோரிடம் கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்க வேண்டும். ‘நன்றாகப் பேசுகிறானா?’ என்று கேட்டால் பாதிப் பெற்றோர் மரியாதைக்காக ஆம் என்பார்கள், மீதிப் பெற்றோர் பயத்தால் ஆம் என்பார்கள். முதல் சொல் எப்போது வந்தது, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசியது எப்போது, அண்ணனோ அக்காவோ அதே வயதில் எப்படிப் பேசினார்கள், உறவினர்களுக்கு இவன் பேச்சு புரிகிறதா, வேண்டியதைக் காட்ட விரல் நீட்டுகிறானா, அழகான ஒன்றைப் பார்த்தால் உங்களுக்குக் காட்ட ஓடிவருகிறானா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. மொழி தெரியாத குழந்தையும் தன் மகிழ்ச்சியைப் பகிர வழி கண்டுபிடித்துவிடும். அந்தப் பகிர்தல் எந்த மொழியிலும், எந்தச் சைகையிலும் இல்லையென்றால் ஆட்டிசம் குறித்து ஆராய வேண்டியது அவசியம்.

இதில் ஒரு எச்சரிக்கை. கண்ணைப் பார்த்துப் பேசாததை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்ப்பதை மரியாதைக்குறைவாகக் கருதும் சமூகங்கள் பல உண்டு.

பேசாமை நீண்டுகொண்டே போனால் வேறொரு சாத்தியமும் இருக்கிறது. செலக்டிவ் மியூட்டிசம் எனப்படுவது பதற்றத்தால் சில இடங்களில் மட்டும் பேச்சு அடைபட்டுப்போகும் நிலை. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மொழி தெரியாததால் வரும் மௌனத்தையும் இதில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு தெளிவாகச் சொல்கிறது. இருமொழிக் குழந்தையிடம் இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது: இரண்டு மொழிகளிலுமே பள்ளியில் பேசுவதில்லையா என்று பாருங்கள். தன் வீட்டுமொழி பேசும் இன்னொரு குழந்தையோடுகூட மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லையென்றால், அது மொழி கற்கும் கட்டத்து மௌனமாக இருக்க வாய்ப்பு குறைவு.

சோதனைக் கருவிகளும் மேம்பட்டிருக்கின்றன. பொருளற்ற சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்வது ஒரு முறை. அது சொல்வளத்தைவிட ஒலிகளை நினைவில் நிறுத்தும் திறனையே அதிகம் அளக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2009 முதல் 2013 வரை இருமொழிக் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய லிட்மஸ் தொகுப்பில் இதுவும், படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனையும் இருக்கின்றன. ஆனால் ஆசிரியருக்கே கைவரும் ஒரு முறையை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். சோதித்துப் பார்ப்பது, கொஞ்சம் கற்றுக்கொடுப்பது, மறுபடி சோதிப்பது. வாய்ப்பே கிடைக்காததால் தெரியாமல் இருந்த குழந்தை, கற்றுக்கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பலமுறை, பல விதமாகக் காட்டியும் நழுவுகிறது என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளரை வைத்து மதிப்பிடும்போது ஒரு பொறி உண்டு. குழந்தை அரைகுறையாகச் சொன்ன வாக்கியத்தை, நல்ல மனத்தோடு, முழு வாக்கியமாகத் திருத்திப் பெயர்த்துவிடுவார்கள். ‘பந்து போனான் நேற்று’ என்று குழந்தை சொன்னால் ‘நேற்றுப் பந்து விளையாடப் போனேன் என்கிறான்’ என்பார்கள். பயிற்சியாளர் தேடிவந்த தகவலே அந்தப் பிழையில்தான் இருந்தது, அது போய்விட்டது. சொன்னது சொன்னபடி, பிழையோடு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூத்த குழந்தையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைப்பது தவிர்க்க வேண்டிய பழக்கம். தம்பியைப் பற்றிய கனமான செய்தியைப் பெற்றோரிடம் சொல்லும் பொறுப்பை ஒரு ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது.

வகுப்பறையில் நாளையே செய்யக்கூடியது

ஆசிரியர் கேட்கிறார்: “கட்டைகள் வேண்டுமா?” குழந்தை பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்கிறது: “கட்டைகள் வேண்டுமா?” ஆசிரியர் புரியவில்லை என்று நினைத்து இன்னும் உரக்க, இன்னும் வேகமாக, இன்னும் அதிகச் சொற்களோடு கேட்கிறார். குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது.

இந்தச் சில நொடிகளுக்குள் நிறைய நடந்துவிட்டது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் எதிரொலிப் பேச்சைப் பொருளற்றது என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள்; நிறுத்தவும் முயன்றார்கள். பேரி பிரைசன்ட், ஜூடித் டூசன் இருவரும் 1981இல் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் எதிரொலிப் பேச்சைக் கூர்ந்து ஆராய்ந்து, அதற்கு ஏழு வெவ்வேறு பயன்கள் இருப்பதைக் காட்டினார்கள்: ஆம் என்று சொல்ல, கேட்டு வாங்க, தன் முறை வரும்போது பேச்சில் பங்கேற்க, தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ள, இப்படி. கட்டைப் பெட்டியைப் பார்த்தபடி வந்த எதிரொலி ‘ஆம், வேண்டும்’ என்பதே. புதிய மொழி கற்கும் எந்தக் குழந்தையும் தொடர்களை முழுசாக விழுங்கித் திருப்பிச் சொல்லும் கட்டத்தைக் கடந்துதான் வருகிறது. எனவே காரணம் எதுவானாலும் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றே. பெட்டியைக் கையில் எடுத்து, குழந்தையின் வாயிலிருந்து வர வேண்டிய வடிவத்தில் ‘கட்டை வேண்டும்’ என்று மெதுவாகச் சொல்லி, அதையே வீட்டுமொழிச் சொல்லிலும் சொல்லி, காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பது எளிதென்று தோன்றும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். அவர் பார்த்தது சாதாரண வகுப்புகள். கேட்டதை மனதுக்குள் இன்னொரு மொழிக்கு மாற்றி, பதிலைத் தேடி, மறுபடி பள்ளிமொழிக்குக் கொண்டுவரும் குழந்தைக்கும், ஒலியைப் பொருளாக்கவே கூடுதல் நேரம் எடுக்கும் குழந்தைக்கும் மூன்று நொடி குறைந்தபட்சம். காத்திருக்கும்போது கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்காமல் இருப்பதும் அவசியம். மாற்றிக் கேட்டால் குழந்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பெரும்பாலான மழலையர் வகுப்புகள் அதன் பக்கத்தில்கூட இல்லை. தாய்மொழியில் கேட்கும்போது பாதி ஒலி அமுங்கினாலும் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அந்த ஊகம் வேலை செய்யாது. ஒலியைத் தாங்க முடியாத குழந்தைக்கு அதே சத்தம் வலியாகவே மாறும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர், தரைக்கு விரிப்பு, ஜன்னலுக்குத் துணி, பேசும் நேரத்தில் கதவைச் சாத்துவது. வகுப்பில் எந்தக் குழந்தைக்கும் பெயர் சூட்டாமலேயே இவற்றைச் செய்துவிடலாம்.

பட அட்டவணையும் அப்படித்தான். அடுத்து என்ன நடக்கும் என்பதை வரிசையாகப் படங்களில் காட்டும் முறை ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லரும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்த அணுகுமுறையின் பகுதி. வகுப்பின் மொழி தெரியாத குழந்தைக்கும் அதே படங்கள் உடனே பேசுகின்றன. படத்துக்குக் கீழே எழுதும் சொல் வீட்டுமொழியிலும் இருக்கட்டும்.

ஆசிரியருக்கு எல்லா வீட்டுமொழிகளும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர், கழிவறை, வலிக்கிறது, போதும், இன்னும் வேண்டும், உதவி, முடிந்தது, அம்மா வருவார். இவற்றைப் பெற்றோர் குரலில் செல்பேசியில் பதிந்து வாங்கிக்கொண்டால் போதும். பதற்றத்தின் உச்சியில் இருக்கும் குழந்தையிடம் ‘அம்மா வருவார்’ என்பது எந்த மொழியில் போய்ச் சேரும் என்று யோசித்தாலே இதன் அவசியம் விளங்கும்.

பேச்சு வராத குழந்தைகளுக்கான படப் பலகைகள், பேசும் டேப்லெட் செயலிகள் ஆகியவற்றில் இன்னும் பெரிய குறை இருக்கிறது. பெரும்பாலும் பள்ளிமொழியில் மட்டுமே அவற்றை ஏற்பாடு செய்து தருகிறார்கள். குழந்தைக்குக் கிடைத்த ஒரே குரல் வீட்டில் பாட்டிக்குப் புரியாத குரலாகிவிடுகிறது. பள்ளி முடிந்ததும் அது பைக்குள் போய்விடுகிறது. பிறகு ‘வீட்டில் பயிற்சி கொடுப்பதில்லை’ என்று பெற்றோர் மேல் குறை. பலகையில் வீட்டுமொழிக்கும் ஒரு பக்கம் வேண்டும். இயந்திரக் குரல் கிடைக்காத மொழியென்றால் குடும்பத்தில் ஒருவரின் பதிவுக் குரலே போதும்.

உதவிகள் ஒன்றோடொன்று மோதும்போது

ஒரு குழந்தைக்கு நல்லது எல்லாருக்கும் நல்லது என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை, எப்போதும் உண்மையில்லை. வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடுவது புதிய மொழி கற்பவர்களுக்கு அருமருந்து. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், தாளம் சொற்களைப் பிரித்துக் காட்டும், தவறினாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். ஒலி கூச்சம் உள்ள குழந்தைக்கோ அதே வட்டம்தான் அந்த நாளின் மிகக் கடினமான பத்து நிமிடம். இங்கே யாராவது ஒருவரைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. வட்டத்தின் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடம், காதுக்கு மூடி, பாட்டின் படங்கள் கையில், கைதட்டலுக்குப் பதில் கையசைப்பு. வட்டத்துக்குள் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. வெளியே அனுப்பிவிடுவதும் கூடாது.

பேச்சு வளம் இன்னொரு மோதல். பன்மொழிக் குழந்தைக்கு நிறையப் பேசுங்கள், விவரித்துக்கொண்டே இருங்கள் என்பது பொது அறிவுரை. கவனத்தை நிறுத்தத் திணறும் குழந்தைக்கும், ஒலிப் பெருக்கில் மூழ்கும் குழந்தைக்கும் சொற்கள் குறைவாக, இடைவெளியோடு வர வேண்டும். இரண்டும் ஒரே குழந்தையிடம் இருந்தால்? என் கணிப்பில் குறைத்துப் பேசுவதே முதலில். சொற்களைக் குறைத்து, அதே சொற்களை அதே சூழலில் பலமுறை கொண்டுவரலாம். வளத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

மொழிக் கலப்பிலும் இது உண்டு. வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990களில் வகுப்பறைக்குள் இரு மொழிகளையும் திட்டமிட்டு மாறி மாறிப் பயன்படுத்தும் முறையை முன்வைத்தார். இன்று உலகெங்கும் பன்மொழி வகுப்புகளில் அந்த வழி பரவியிருக்கிறது. நானும் அதன் பக்கம்தான். ஆனால் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் ‘இவர் என்றால் இந்த மொழி’ என்று உறுதியாக வகுத்துவைத்திருப்பார்கள். பள்ளி ஆசிரியர் திடீரென்று அம்மாவின் மொழியில் பேசினால் உலகமே தடம் மாறியதுபோல் அழுவார்கள். அந்த ஒழுங்கை மதிக்க வேண்டும். வீட்டுமொழிக்கு ஒரு குறிப்பிட்ட மூலை, ஒரு குறிப்பிட்ட நேரம், ஒரு குறிப்பிட்ட மனிதர் என்று முன்னறிவித்து நுழைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

குழந்தைகளுக்கிடையிலான புரிதலுக்கும் இதில் இடமுண்டு. டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் சொன்ன கருத்து: ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் தடைபட்டால் குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரு பக்கமும் ஒருவரை ஒருவர் படிக்கத் தெரியாமல் நிற்கிறார்கள். இரு மொழிக்காரர்கள் சந்திக்கும்போது நடப்பதும் இதுவே. பன்மொழி வகுப்பில் வளரும் குழந்தைகள் ‘அவனுக்கு வேறு விதமாகச் சொன்னால்தான் புரியும்’ என்பதை இயல்பாகவே பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை ஆசிரியர் பெயர் சொல்லிப் பாராட்டினால், படம் காட்டிப் பேசுவதும் பொறுத்திருப்பதும் வகுப்பின் பொதுவழக்கமாகிவிடும்.

1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகள் கூடி, தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று அறிவித்தன. அறிவிப்புக்கும் வகுப்பறைக்கும் இடையே இன்றும் நிற்பது பெரும்பாலும் ஆட்களும் நேரமும்தான். முப்பது குழந்தைகளோடு தனியாக நிற்கும் ஆசிரியரிடம் மேலே சொன்ன அத்தனையையும் எதிர்பார்ப்பது அநியாயம். இரண்டாவது பெரியவர் ஒருவர், வீட்டுமொழி தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, வாரத்தில் சில மணி நேரமாவது வகுப்பில் இருப்பதற்கான பணத்தைப் பள்ளி நிர்வாகங்கள் ஒதுக்க வேண்டும். சிறப்பாசிரியரும் மொழி ஆசிரியரும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொண்டு தனித்தனி அறையில் குழந்தையைச் சந்திக்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஒரே மேசையில், ஒரே கோப்போடு, பெற்றோரும் உடனிருக்க உட்கார்ந்தால் மாதக்கணக்கான குழப்பம் ஒரு மணி நேரத்தில் தெளியும்.

ஆண்டு முடிவில் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போகும்போது இந்த அறிவெல்லாம் பெரும்பாலும் பழைய ஆசிரியரின் தலையோடு தங்கிவிடுகிறது. அதைத் தடுக்க ஒரு பக்கக் குறிப்பு போதும். எந்த மொழியில் என்ன பேசுகிறது, உதவி வேண்டுமென்றால் எப்படிக் காட்டுகிறது, எந்தச் சத்தம் தாங்காது, எதைக் கண்டால் முகம் மலரும், அழுதால் எந்தச் சொல் தணிக்கும், எதிரொலித்தால் என்ன பொருள். இதைப் பெற்றோரோடு சேர்ந்து எழுதி, அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு படியை அவர்களிடமும் கொடுத்து, புதிய ஆசிரியரின் கையில் முதல் நாளுக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும்.